நடக்க மாட்டாள் என்றார்கள். ஓடி உலகை வென்றாள்!
வில்மா ருடால்ப் வாழ்க்கைக் கதை

ரோம் நகரம். 1960-ம் ஆண்டு செப்டம்பர் மாதம்.

ஒலிம்பிக் அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. அவ்வளவு கூட்டம். பெண்களுக்கான தொடர் ஓட்டத்தின் இறுதிப் பந்தயம் நடக்கிறது.

தொடர் ஓட்டம் என்பது நான்கு பேர் சேர்ந்து ஓடும் பந்தயம். ஒருவர் 100 மீட்டர் ஓடுவார். அவர் கையில் ஒரு சிறு தடி இருக்கும். அதை அடுத்தவர் கையில் கொடுப்பார். அவர் அதை வாங்கிக்கொண்டு ஓடுவார். தடி கீழே விழுந்தால் எல்லாம் போயிற்று!

அமெரிக்க அணியில் கடைசியாக ஓட நின்றவர் ஒரு கறுப்பு இனப் பெண். நல்ல உயரம். மெலிந்த உடல். நீண்ட கால்கள். வயது 20.

மூன்றாவது பெண் பாய்ந்து வந்தார். தடியை நீட்டினார். ஐயோ! தடி கையில் சரியாகப் பிடிபடவில்லை. நழுவப் பார்த்தது. அந்தப் பெண் தடுமாறினார். அதற்குள் ஜெர்மனி அணியின் பெண் முன்னே போய்விட்டார்.

அடுத்து என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் அந்த உயரமான பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் வில்மா ருடால்ப். சிறு வயதில் அவருடைய இடது கால் விளங்கவில்லை. இனி நடக்கவே மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலில் இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு தத்தித் தத்தி நடந்தவர் அவர்.

அந்தக் காலா ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடியது? ஆம், அதே கால்தான்!

20-வது குழந்தை

அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னசி என்று ஒரு மாநிலம். அங்கே கிளார்க்ஸ்வில் என்று ஓர் ஊர். புகையிலை வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர் அது. அதன் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரில் 1940-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி வில்மா பிறந்தாள்.

தகப்பனார் பெயர் எட். ரெயிலில் போர்ட்டர் வேலை. அது போக, கிடைத்த சில்லறை வேலைகளையும் செய்வார். தாயார் பெயர் பிளான்ச். வெள்ளைக்காரர் வீடுகளில் வீட்டு வேலை செய்வார்.

எட் இரண்டு முறை திருமணம் செய்துகொண்டவர். இரண்டு தாரங்களுக்கும் சேர்த்து 22 குழந்தைகள். வில்மா 20-வது குழந்தை!

வில்மா குறை மாதத்தில் பிறந்தாள். எடை நாலரை ராத்தல்தான். கையில் எடுக்கவே பயமாக இருக்கும். பிழைக்குமோ பிழைக்காதோ என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். குழந்தை பிழைத்தது. ஆனால் நோய் விடவில்லை. நிமோனியா வந்தது. செங்காய்ச்சல் வந்தது. ஒன்று போனால் இன்னொன்று.

ஐந்தாவது வயதில் எல்லாவற்றிலும் கொடிய நோய் வந்தது. அதுதான் இளம்பிள்ளை வாதம்.

இன்று அந்த நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டால் போதும். அன்று அப்படி ஒன்று இல்லை. இளம்பிள்ளை வாதத்துக்கு முதல் தடுப்பு ஊசி வழக்கத்துக்கு வந்ததே 1955-ம் ஆண்டில்தான். அப்போது வில்மாவுக்கு வயது 15 ஆகிவிட்டது.

உயிர் தப்பியது. ஆனால் இடது காலில் வலு இல்லை. பாதம் உள் பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

பத்தாயிரம் மைல்

டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆனால் பிளான்ச் அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. என் மகள் நடப்பாள் என்று உறுதியாகச் சொன்னார்.

வைத்தியம் செய்வது எங்கே? அங்கேதான் இன்னொரு தொல்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் வெள்ளையருக்கு ஒரு சட்டம், கறுப்பருக்கு ஒரு சட்டம். வெள்ளையர் படிக்கும் பள்ளியில் கறுப்பர் படிக்கக் கூடாது. வெள்ளையர் சாப்பிடும் ஓட்டலில் கறுப்பர் உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரியிலும் அதே கதை. தீண்டாமை என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே கொடுமைதான் அங்கே நிறத்தின் பெயரால் நடந்தது.

கறுப்பருக்கு நல்ல வைத்தியம் கிடைக்கும் இடம் நாஷ்வில் நகரில் இருந்தது. அதன் பெயர் மெகாரி மருத்துவக் கல்லூரி. கறுப்பு இன மாணவர்களை டாக்டர்களாக ஆக்குவதற்கென்றே 1876-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

கிளார்க்ஸ்வில்லிலிருந்து அது சுமார் 50 மைல் தூரம்.

பிளான்ச் அம்மாள் வாரம் ஒரு முறை மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் முன் இடங்கள் வெள்ளையருக்கு. கறுப்பர் பின்னால்தான் உட்கார வேண்டும். ஒரு நாள் வீட்டு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆனாலும் அவர் போனார். மழையானாலும் குளிரானாலும் போனார்.

இப்படி இரண்டு வருடம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். போக 50 மைல், வர 50 மைல். வாரம் 100 மைல். இரண்டு வருடத்தில் பத்தாயிரம் மைலுக்கு மேல். உலகத்தைச் சுற்றி வருவதில் ஏறக்குறைய பாதித் தூரம்!

வீடே ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரியில் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். பிடித்து நீவிவிடுவார்கள். இதை வாரம் ஒரு முறை செய்தால் போதாது, தினமும் நான்கு வேளை செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

தினமும் நான்கு வேளைக்கு எங்கே போவது? பிளான்ச் அம்மாள் கால் பிடிக்கும் முறையைத் தாமே கற்றுக்கொண்டார். பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். அம்மா வேலைக்குப் போனால் அக்கா பிடிப்பாள். அக்கா இல்லாவிட்டால் அண்ணன் பிடிப்பான். ஒரு வேளை கூடத் தவறக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் நிறைந்த வீடு பாரம் என்பார்கள். வில்மாவுக்கு அதுவே பலம் ஆயிற்று.

காலில் இரும்புப் பட்டை மாட்டப்பட்டது. மற்றக் குழந்தைகள் தெருவில் ஓடி விளையாடும்போது வில்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சில பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவள் அழுவாள். யாரும் பார்க்காத நேரத்தில் பட்டையைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பாள்.

அடிக்கடி உடம்புக்கு வந்ததால் அவள் முதலில் வீட்டிலேயே படித்தாள். ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் போனாள்.

நாள் ஆக ஆகக் கால் தேறியது. பட்டைக்குப் பதில் தனியாகச் செய்த பூட்ஸ் வந்தது. 12 வயது ஆகும்போது அதுவும் தேவையில்லை என்று ஆயிற்று.

நடக்க மாட்டாள் என்று சொன்ன பெண், எந்தத் துணையும் இல்லாமல் நடந்தாள்!

கொசு என்று பெயர்

இத்தனை வருடம் உட்கார்ந்து பார்த்தவள் இனிமேல் உட்காருவாளா?

வில்மாவின் அக்கா பள்ளியில் கூடைப்பந்து ஆடுவாள். வில்மாவும் சேர்ந்துகொண்டாள். முதலில் அவளை ஆட விடவில்லை. ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அவள் சும்மா இருக்கவில்லை. பயிற்சியாளரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என்னை ஆட விடுங்கள், என்னை ஆட விடுங்கள் என்று ஓயாமல் கேட்டாள். அவர் அவளுக்குக் கொசு என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்! எப்போதும் காதருகே ரீங்காரம் செய்கிறாளாம்.

கடைசியில் கொசுவுக்கு இடம் கிடைத்தது. பிறகு அவளைப் பிடிக்க ஆள் இல்லை. ஒரே பருவத்தில் 803 பாயிண்டுகள் எடுத்தாள். பள்ளிப் பெண்களின் கூடைப்பந்தில் அது ஒரு சாதனை.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் எட் டெம்பிள். நாஷ்வில்லில் கறுப்பு மாணவர்களுக்காக இருந்த டென்னசி மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஓட்டப் பயிற்சி ஆசிரியர். வில்மா பந்தைப் போடுவதை அவர் பார்க்கவில்லை. அவள் ஓடுவதைப் பார்த்தார். இவள் பிறவி ஓட்டக்காரி என்று கண்டுகொண்டார். கோடை விடுமுறையில் தம்முடைய பயிற்சி முகாமுக்கு வரும்படி அழைத்தார்.

30 நிமிடம் தாமதம், 30 சுற்று ஓட்டம்

பெரிய பந்தயம் ஒன்றில் வில்மா முதன்முதலில் ஓடியது அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கீகி என்ற ஊரில். எத்தனை ஓட்டத்தில் கலந்துகொண்டாளோ அத்தனையிலும் தோற்றாள்! பள்ளியில் எல்லோரையும் ஜெயித்து வந்தவளுக்கு அது பேரிடி. வேகம் மட்டும் போதாது, வித்தையும் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் டெம்பிள். அவர் கண்டிப்பான ஆசிரியர். பயிற்சிக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் மைதானத்தை ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். ஒரு நாள் வில்மா தூங்கிவிட்டு 30 நிமிடம் கழித்து வந்தாள். டெம்பிள் கோபிக்கவில்லை. 30 சுற்று ஓடச் சொன்னார். மறுநாள் வில்மா 30 நிமிடம் முன்னதாகவே வந்து நின்றாள்!

அந்தப் பல்கலைக் கழகத்தில் பணம் கிடையாது. ஓடும் பாதை வெறும் மண் பாதை. வெளியூர்ப் பந்தயத்துக்குப் போனால் டெம்பிளே காரை ஓட்டுவார். வழியில் உள்ள ஓட்டல்களில் கறுப்பருக்கு இடம் கிடையாது. ஆகவே சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படிப் போன பெண்கள்தான் அமெரிக்காவுக்கு ஒலிம்பிக் பதக்கங்களை வாங்கிக் கொடுத்தார்கள்.

1956-ம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் ஒரு பெரிய போட்டி. வில்மா ஒன்பது ஓட்டங்களில் ஓடினாள். ஒன்பதிலும் அவள்தான் முதல்!

16 வயதில் ஒலிம்பிக்

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் நடந்தது. அமெரிக்க ஓட்டப் பெண்களில் வில்மாதான் வயதில் இளையவள். வயது 16. இன்னும் பள்ளி மாணவி.

200 மீட்டர் ஓட்டத்தில் அவள் ஆரம்பச் சுற்றுக்களிலேயே தோற்று வெளியேறினாள். ஆனால் தொடர் ஓட்டத்தில் அமெரிக்க அணி மூன்றாவதாக வந்தது. அதில் ஓடிய நான்கு பெண்களும் டெம்பிளின் மாணவிகள். வில்மாவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

அங்கே அவள் ஒரு காட்சியைக் கண்டாள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெட்டி கத்பர்ட் என்ற 18 வயதுப் பெண் 100 மீட்டரில் தங்கம் வாங்கினாள். 200 மீட்டரில் தங்கம் வாங்கினாள். தொடர் ஓட்டத்திலும் தங்கம். மூன்று தங்கம்! நாலு வருடம் கழித்து நானும் அந்த மேடையில் ஏறுவேன் என்று வில்மா மனதில் முடிவு செய்துகொண்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் பள்ளித் தோழிகள் வெண்கலப் பதக்கத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

வந்தது சோதனை

1958-ம் ஆண்டு. பள்ளிப் படிப்பு முடியும் நேரம். அப்போது வில்மா தாயாகப் போகிறாள் என்று தெரிந்தது. கல்யாணம் ஆகவில்லை. வயது 18 நிரம்பவில்லை.

ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டுமா? ஓட்டம் முடிந்தது, படிப்பு முடிந்தது, ஒலிம்பிக் கனவும் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். குழந்தை பெற்ற பெண்களை அணியில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிளின் விதி.

பெற்றோர் அவளை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. கைவிடவும் இல்லை. பெண் குழந்தை பிறந்தது. யோலண்டா என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை வீட்டார் வளர்ப்பது என்றும் வில்மா படிக்கப் போவது என்றும் முடிவாயிற்று. டெம்பிளும் தம் விதியைத் தளர்த்தினார். அவளுக்கு இடம் கொடுத்தார்.

முன்பு ஒரு காலைத் தூக்கி நிறுத்திய அதே குடும்பம், இப்போது ஒரு வாழ்க்கையையே தூக்கி நிறுத்தியது.

1958-ம் ஆண்டிலேயே வில்மா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காகத் தினமும் இரண்டு மணி நேரம் கல்லூரியில் வேலை பார்த்தார். மற்ற நேரம் படிப்பு, ஓட்டம். கைக்குழந்தையைப் பிரிந்த ஏக்கம் வேறு.

1960-ம் ஆண்டு ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த போட்டியில் 200 மீட்டர் தூரத்தை 22.9 விநாடியில் ஓடினார். அதுவரை உலகத்தில் எந்தப் பெண்ணும் அந்தத் தூரத்தை 23 விநாடிக்குள் ஓடியதில்லை. உலக சாதனை!

ரோம் நகரில்

1960-ம் ஆண்டு ஒலிம்பிக் ரோம் நகரில் நடந்தது. நம் நாட்டு மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நாலாவதாக வந்து, நூலிழையில் பதக்கத்தைத் தவறவிட்டது இந்த ஒலிம்பிக்கில்தான்.

100 மீட்டர் ஓட்டத்துக்கு முந்தின நாள் வில்மாவுக்கு ஒரு விபத்து. பயிற்சி செய்த புல்தரையில் இருந்த சிறு குழியில் கால் சிக்கியது. கணுக்கால் சுளுக்கிக்கொண்டது, வீங்கியது. கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் ஓட வந்தார். நேர் ஓட்டம்தான், வளைவு இல்லை. கணுக்கால் தாங்கியது. அரை இறுதியில் 11.3 விநாடியில் ஓடி, அன்றைய உலக சாதனைக்குச் சமமாக வந்தார்.

செப்டம்பர் 2-ந் தேதி இறுதி ஓட்டம். துப்பாக்கி வெடித்தது. பாதித் தூரம் வரைதான் போட்டி. பிறகு வில்மா தனியாகப் போனார். 11 விநாடியில் ஓட்டம் முடிந்தது. பிரிட்டனின் டாரதி ஹைமன் இரண்டாவது. இத்தாலியின் கியுசெப்பினா லியோன் மூன்றாவது.

11 விநாடி என்பது உலக சாதனையை விடக் குறைந்த நேரம். ஆனால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. ஏன் தெரியுமா? ஓடுகிறவரின் முதுகுப் பக்கமிருந்து காற்று அடித்தால் அது அவரைத் தள்ளிக்கொண்டு போகும் அல்லவா? ஆகவே விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று வீசினால் அந்த நேரத்தைச் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அன்று வீசிய காற்று விநாடிக்கு 2.75 மீட்டர். சாதனை போயிற்று. தங்கம் போகவில்லை!

செப்டம்பர் 5-ந் தேதி 200 மீட்டர் ஓட்டம். அதிலும் வில்மாதான் முதல். நேரம் 24 விநாடி. ஜெர்மனியின் யுட்டா ஹைனே இரண்டாவது.

இரண்டு தங்கம் கழுத்தில். மிச்சம் ஒன்றே ஒன்று. தொடர் ஓட்டம்.

தடி கையில் வந்தது

இப்போது கதை ஆரம்பித்த இடத்துக்கு வருவோம்.

அமெரிக்க அணியில் ஓடியவர்கள் மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ருடால்ப். நால்வரும் டெம்பிளின் மாணவிகள். மண் பாதையில் ஓடிப் பழகியவர்கள். சோற்று மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள். அரை இறுதியில் 44.4 விநாடியில் ஓடி உலக சாதனை செய்திருந்தார்கள்.

இறுதி ஓட்டத்தில் முதல் மூவரும் நன்றாக ஓடினார்கள். கடைசியில் தடி கை மாறும்போதுதான் தகராறு. தடி நழுவப் பார்த்தது. வில்மா தடுமாறிப் பிடித்தார். முன்னே ஜெர்மனிப் பெண்.

தனி ஓட்டத்தில் தோற்றால் தமக்கு மட்டும்தான் நஷ்டம். இங்கே தோற்றால் மூன்று தோழிகளின் பதக்கமும் போய்விடும்.

வில்மா தடியை இறுகப் பிடித்தார். நீண்ட கால்களை எட்டிப் போட்டார். 80 மீட்டர், 60 மீட்டர், 40 மீட்டர்... இடைவெளி குறைந்தது. கூட்டம் எழுந்து நின்றது. எல்லைக் கோட்டுக்கு அருகே ஜெர்மனிப் பெண்ணை எட்டினார், தாண்டினார்!

நேரம் 44.5 விநாடி. மூன்றாவது தங்கம்!

ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டத்தில் மூன்று தங்கம் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் என்ற புகழ் வில்மாவுக்குக் கிடைத்தது. டெலிவிஷன் மூலம் பல நாட்டு மக்கள் அவரைப் பார்த்தார்கள். இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கறுப்பு மான் என்று புகழ்ந்தன. பிரெஞ்சுப் பத்திரிகைகள் கறுப்பு முத்து என்று எழுதின.

அதைவிடப் பெரிய வெற்றி

உலகம் முழுவதும் புகழ். ஆனால் சொந்த ஊரில்?

கிளார்க்ஸ்வில் நகரம் அவரை வரவேற்க விரும்பியது. ஊர்வலம், விருந்து எல்லாம் ஏற்பாடு ஆயிற்று. மாநில கவர்னர் தலைமை தாங்குவதாகப் பேச்சு. அந்தக் கவர்னர், வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லித் தேர்தலில் ஜெயித்தவர். ஊர் வழக்கமும் அதுதான். எந்த விழாவானாலும் வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம்.

வில்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து வருவதானால் நான் வருகிறேன். பிரித்து வைப்பதானால் எனக்கு விழாவே வேண்டாம் என்று தெரிவித்தார்.

நினைத்துப் பாருங்கள். 20 வயதுப் பெண். ஏழைக் குடும்பம். தாயார் அதே ஊர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு முன்னால் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஊர் பணிந்தது. 1960-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ஊர்வலம் நடந்தது. தெருவின் இரு பக்கமும் வெள்ளையரும் கறுப்பரும் கலந்து நின்று கை தட்டினார்கள். இரவு விருந்தில் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த நகரத்தின் சரித்திரத்தில் இரு இனத்தாரும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பொது விழா அதுதான்.

ரோமில் அவர் ஜெயித்தது 44 விநாடி ஓட்டம். கிளார்க்ஸ்வில்லில் ஜெயித்தது எத்தனையோ தலைமுறைப் பழக்கத்தை!

ஒரு விருந்தோடு எல்லாம் மாறிவிடவில்லை. 1963-ம் ஆண்டு வில்மா ஆப்பிரிக்க நாடுகளுக்கு நல்லெண்ணப் பயணம் போய்த் திரும்பினார். வெளிநாடுகளில் ராஜ மரியாதை. சொந்த ஊர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. கறுப்பருக்கும் இடம் வேண்டும் என்று ஓட்டல் முன் நடந்த கிளர்ச்சியில் அவரும் கலந்துகொண்டார். அதன் பிறகு, பொது இடங்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்படும் என்று நகரத்தின் மேயர் அறிவித்தார். அடுத்த ஆண்டு, 1964-ல், நாடு முழுவதற்குமே அப்படிச் சட்டம் வந்தது.

புகழின் உச்சியில் ஓய்வு

1961-ம் ஆண்டில் வில்மா ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார். ஜூலை மாதம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் 100 மீட்டர் தூரத்தை 11.2 விநாடியில் ஓடினார். இந்தத் தடவை காற்றின் குறுக்கீடு இல்லை. உலக சாதனை ஏற்கப்பட்டது. அமெரிக்காவின் சிறந்த அமெச்சூர் விளையாட்டு வீரருக்குக் கொடுக்கும் சல்லிவன் விருதும் அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது.

1962-ம் ஆண்டு கலிபோர்னியாவில் அமெரிக்காவுக்கும் ரஷியாவுக்கும் போட்டி. 100 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் வில்மா ஜெயித்தார். அதோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். வயது 22தான்!

இன்னும் இரண்டு ஆண்டில் டோக்கியோ ஒலிம்பிக் வருகிறதே, ஏன் நிறுத்த வேண்டும் என்று பலர் கேட்டார்கள். அவர் கணக்கு வேறு. அங்கே போனால் மூன்று தங்கம் வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தோற்றதாகத்தான் பேசுவார்கள். ஜெயித்த பெயரோடு விலகுவதே மேல் என்று அவர் நினைத்தார்.

பதக்கம் சோறு போடுமா?

இன்று ஒரு தங்கம் வாங்கினால் கோடிகள் கொட்டும். அன்று அப்படி இல்லை. ஓட்டக்காரர்கள் பணம் வாங்கக் கூடாது என்பது அந்தக் கால விதி. மூன்று தங்கம் வாங்கிய வில்மாவும் வேலை தேடித்தான் வாழ வேண்டியிருந்தது.

1963-ம் ஆண்டு ஆசிரியர் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார். தாம் சிறு வயதில் படித்த அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார். தாம் கூடைப்பந்து ஆடிய உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார்.

1961-ல் செய்துகொண்ட முதல் திருமணம் நீடிக்கவில்லை. 1963-ல், யோலண்டாவின் தகப்பனாரான ராபர்ட் எல்ட்ரிட்ஜைத் திருமணம் செய்துகொண்டார். மொத்தம் நான்கு குழந்தைகள். பிற்பாடு அந்தத் திருமணமும் முறிந்தது. பிழைப்புக்காக ஊர் ஊராக மாறினார். பணக் கஷ்டமும் பட்டார்.

ஆனால் தாம் பட்ட கஷ்டம் மற்றவர்களும் பட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. 1977-ம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அது டெலிவிஷன் படமாகவும் வந்தது. 1981-ம் ஆண்டில் தம் பெயரால் ஓர் அறநிலையம் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் படிப்பும் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை.

அவர் போட்ட பாதையில் வேறு பெண்கள் வந்தார்கள். டெம்பிளின் இன்னொரு மாணவியான வயோமியா டையஸ் 1964-லும் 1968-லும் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார். 1988-ல் பிளாரன்ஸ் கிரிபித் ஜாய்னர் ஒரே ஒலிம்பிக்கில் ஓடி மூன்று தங்கம் வாங்கினார். 28 வருடங்களுக்கு முன் வில்மா வாங்கிய அதே மூன்று பந்தயங்களில்!

கடைசிச் சுற்று

1994-ம் ஆண்டு வில்மாவின் தாயார் பிளான்ச் அம்மாள் காலமானார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஜூலை மாதத்தில் வில்மாவுக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது.

அந்தக் கடைசி நாட்களில் பழைய ஆசிரியர் டெம்பிள் அவரைப் பார்க்க வருவார். இருவரும் பல்கலைக் கழக மைதானத்தின் ஓட்டப் பாதையில் மெதுவாக நடப்பார்கள். ஒரு காலத்தில் 30 சுற்று ஓடச் சொன்ன ஆசிரியர், இப்போது மாணவியின் நடைக்கு ஏற்றபடி கூடவே நடந்தார்.

1994-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி வில்மா ருடால்ப் உயிர் நீத்தார். வயது 54.

இன்று கிளார்க்ஸ்வில்லில் ஒரு பெரிய சாலைக்கு வில்மாவின் பெயர் இருக்கிறது. ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2004-ம் ஆண்டில் அமெரிக்கத் தபால் இலாகா அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. ஜெர்மனியில் பெர்லின் நகரில் ஒரு பள்ளிக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிளான்ச் அம்மாளுக்குச் சிலை இல்லை. அவர் படம் போட்ட தபால் தலையும் இல்லை. ஆனால் பஸ்ஸின் பின் இடத்தில், மகளின் விளங்காத காலை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தாய் வாரா வாரம் போய் வந்தாரே, வில்மாவின் ஓட்டம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.